குவேனி மீது சுமத்தப்பட்ட குற்றம்

(புத்தளத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அரசியல் உளவுக் கதைகளை விரும்பிப் படிப்பவர்கள் இங்கே பலர் இருப்பீர்கள். அந்த வகைக் கதைகளில் அடிக்கடி வரும் ஒரு பாத்திரம் நாட்டுத் தலைவரின் மனைவி. அவளுக்கு யாரும் அறியாத ஒரு முன்வாழ்வு இருக்கும். அவள் எந்த மண்ணில் பிறந்தவள், யாருக்காக வேலை செய்தாள், எவரை ஏமாற்றிவிட்டு வந்தாள் என்பதெல்லாம் ஒரு கோப்பில் எழுதிப் பூட்டப்பட்டிருக்கும். உரிய நேரத்தில் யாரோ அந்தக் கோப்பைத் திறப்பார்கள். வொஷிங்டனிலும் மொஸ்கோவிலும் நடப்பதாக எழுதப்படும் இந்தக் கதையின் மிகப் பழைய வடிவம் ஒன்று நம்முடைய கரையில் நடந்ததாகவே எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. அதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

எலுவன்குளத்தைத் தாண்டி, கலா ஓயாவைக் கடந்து, வில்பத்துக் காட்டுக்குள் வடக்கே போனால் குதிரைமலை முனை வரும். மேலே செம்மண், கீழே கடல். ரோம எழுத்தாளர் பிளினி, கிளாடியஸ் பேரரசர் காலத்தில் காற்றில் அடிபட்டு இலங்கைக்கு வந்த ஒரு கப்பலைப் பற்றி எழுதுகிறார். அது கரை சேர்ந்த இடம் ஹிப்புரோஸ் என்கிறார். அதைக் குதிரைமலையோடு பொருத்திப் பார்த்தவர்கள் உண்டு. அல்லி அரசாணியின் கோட்டை இங்கேதான் இருந்தது என்பது நம் மக்கள் சொல்லும் கதை. இலங்கையின் முதல் அரசனாகச் சொல்லப்படும் விஜயன் தன் 700 ஆட்களோடு வந்திறங்கிய தம்பபண்ணியும் இந்தக் கரைதான் என்று ஒரு நீண்ட மரபு சொல்கிறது. இன்னும் வடக்கே, மல்வத்து ஓயா கடலில் சேரும் பக்கம் அதைத் தேடும் அறிஞர்களும் இருக்கிறார்கள். அந்த வழக்கைத் தீர்த்துவைக்க நான் வரவில்லை. கரைக்கு வந்தவர்கள் களைத்துப்போய்க் கையூன்றி உட்கார்ந்தபோது உள்ளங்கைகள் செம்மண்ணில் சிவந்தன என்கிறது பழைய வரலாற்று நூலான மகாவம்சம். குதிரைமலைக்குப் போய் வந்தவர்களுக்கு அந்த மண்ணைத் தெரியும்.

விஜயன் வந்தது வரலாறா என்று கேட்டால், நான் அதைக் கதையாகவே எடுத்துக்கொள்கிறேன். மரபு கொடுக்கும் ஆண்டு கிறிஸ்துவுக்கு முன் 543. மகாவம்சத்தை எழுதிய மகாநாம தேரர் வாழ்ந்ததோ கிறிஸ்துவுக்குப் பின் 5ஆம், 6ஆம் நூற்றாண்டுகளை ஒட்டி. இடையில் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள். ஆனால் ஓர் அரசு தான் பிறந்த விதத்தைப் பற்றித் தானே சொல்லிக்கொள்ளும் கதைக்கு ஒரு கனம் உண்டு. எதைச் சொன்னார்கள், எதை யார் தலையில் கட்டினார்கள் என்று பார்க்க வேண்டும்.

மகாவம்சத்தின் ஏழாம் அத்தியாயம் தொடக்கத்திலிருந்தே வேடங்களால் நிறைந்திருக்கிறது. கரையில் இறங்கியவர்களுக்கு முதலில் எதிர்ப்படுபவர் மரத்தடியில் உட்கார்ந்திருக்கும் ஒரு பரிவ்ராஜகத் துறவி. உண்மையில் அவர் தேவன். இது இலங்கை, இங்கே மனிதர் இல்லை, உங்களுக்கு ஆபத்து வராது என்று தகவல் கொடுத்து, தண்ணீர் தெளித்து, கையில் காப்பு நூலும் கட்டிவிடுகிறார். அடுத்து ஒரு பெண் நாய் ஓடி வருகிறது. அது, இந்தத் தீவில் முன்பே குடியிருந்த இயக்கர் இனத்துக் குவேனியின் ஏவலாளான இயக்கி. நாய் இருந்தால் ஊர் இருக்கும் என்று எண்ணி, விஜயன் தடுத்தும் கேளாமல், ஒருவன் பின்னால் போகிறான். ஒரு குளக்கரை மரத்தடியில் துறவுப் பெண்ணின் கோலத்தில் குவேனி நூல் நூற்றுக்கொண்டிருக்கிறாள். அர்த்தசாஸ்திரம் ஒற்றர்களுக்கு உரியதாகச் சொல்லும் வேடங்களில் துறவியும் உண்டு, பிச்சையேற்கும் துறவுப் பெண்ணும் உண்டு. திருக்குறளின் ஒற்றாடல் அதிகாரமும் துறவுக் கோலத்தில் போகும் ஒற்றரைப் பேசுகிறது. ஆக, இருபக்கமும் ஒரே உத்தியைத்தான் கையாளுகிறது. வந்தவர்களுக்குத் தகவல் சொன்ன துறவி தெய்வம் ஆனார். தன் நிலத்தைக் காவல் காத்திருந்த துறவுப் பெண் பேய் ஆனாள். இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒருவர் பின் ஒருவராக 700 பேரும் அவளிடம் அகப்படுகிறார்கள். காப்பு நூல் இருப்பதால் அவளால் விழுங்க முடியவில்லை, பள்ளத்தில் தள்ளிவிடுகிறாள். விஜயன் வருகிறான். கழுத்தில் சுருக்கு மாட்டி, இடது கையால் கூந்தலைப் பற்றி, வலது கையில் வாளை ஓங்கி, ஆட்களைத் திருப்பிக் கொடு என்கிறான். உயிரை விட்டுவிடு, உனக்கு அரசைத் தருகிறேன், பெண்ணாகவும் பணி செய்கிறேன் என்று அவள் வாக்குக் கொடுக்கிறாள். துரோகம் செய்துவிடக் கூடாதே என்று அவளிடம் சத்தியமும் வாங்கிக்கொள்கிறான். வாக்கு வாங்கியது வாள்முனையில். கிரேக்கரின் ஒடிசியில் கிர்கேயின் தீவில் நடப்பதும் ஏறக்குறைய இதுதான்: மாயம் தெரிந்த பெண், அகப்பட்ட தோழர்கள், உருவிய வாள், வாங்கிய சத்தியம். ஆனால் கிர்கே பின்னர் தன் விருந்தாளிகளை வழியனுப்பிவிட்டுத் தன் தீவிலேயே இருந்தாள். அவளை யாரும் கொல்லவில்லை.

அன்றிரவு நடப்பதுதான் இந்தக் கதையின் கரு. குவேனி பதினாறு வயதுப் பெண்ணாக உருமாறி, அவனோடு மரத்தடியில் விரித்த படுக்கையில் இருக்கிறாள். தூரத்தில் பாட்டும் மேளமும் கேட்கின்றன. என்ன சத்தம் என்று விஜயன் கேட்கிறான். அவள் சொல்லும் பதிலை ஓர் ஒற்றன் எழுதி அனுப்பும் அறிக்கையாகப் படித்துப் பாருங்கள். இடம்: சிறீசவத்து என்ற இயக்கர் நகரம். நிகழ்ச்சி: இலங்காநகரத்து இயக்கத் தலைவனின் மகளுக்கு இங்கே திருமணம், தாயும் வந்திருக்கிறாள். காலம்: ஏழு நாள் விழா. நிலைமை: எல்லாரும் ஓரிடத்தில் கூடியிருக்கிறார்கள். கடைசியில் ஒரு பரிந்துரை: இன்றே அழித்துவிடு, பிறகு வாய்ப்புக் கிடைக்காது. கண்ணுக்குத் தெரியாதவர்களை எப்படி வெட்டுவது என்று அவன் கேட்க, அதற்கும் அவளிடம் வழி இருக்கிறது. நான் குரல் கொடுக்கிறேன், குரல் வரும் திசையில் வெட்டு என்கிறாள்.

ஒரு கல்யாண வீட்டில், விருந்துக்கு வந்தவர்கள் நடுவில் அந்தப் படுகொலை நடந்தது. முடிந்ததும் விஜயன் இயக்க அரசனின் உடைகளை எடுத்து உடுத்திக்கொண்டான்.

ஏன் சொந்த இனத்தைக் காட்டிக் கொடுத்தாள் என்பதற்கு மகாவம்சம் காரணம் சொல்வதில்லை. காலையில் கழுத்தில் சுருக்கு, மாலையில் படுக்கை, இரவில் கேள்வி. ஒரே நாளுக்குள் இத்தனையும் நடந்த ஒருத்தியின் வாயிலிருந்து வந்த தகவல் அது. அவள் செய்ததை நான் சரி என்று சொல்லமாட்டேன். அந்தக் கல்யாண வீட்டில் செத்தவர்களும் யாரோ பெற்ற பிள்ளைகள்தாம். ஆனால் அந்தத் தகவலால் ஆதாயம் அடைந்தது யார்? அரசை எடுத்தது யார்? வெட்டிய கை யாருடையது? இந்தக் கேள்விகளை ஒரு பக்கம் வைத்துவிட்டு அவளை மட்டும் துரோகி என்று தீர்ப்பெழுதிய பழக்கத்தைத்தான் நான் ஏற்க மறுக்கிறேன்.

பிறகு ஊர்கள் எழுகின்றன. அநுராதகாமம், உபதிஸ்ஸகாமம், உச்சேனி, உருவேலா, விஜிதம் என்று அமைச்சர்கள் ஆளுக்கோர் ஊர் அமைக்கிறார்கள். முடிசூட்டிக்கொள்ளச் சொல்லி விஜயனை வேண்டுகிறார்கள். உயர்குலத்து மகள் ஒருத்தி கூடவே பட்டத்து அரசியாக அபிஷேகம் பெறாமல் தான் முடிசூட முடியாது என்கிறான். மதுரைக்குத் தூது போகிறது. பாண்டியன் தன் மகளையும், அமைச்சர் முதலானோருக்காக வேறு பல கன்னியரையும், பதினெட்டு வகைத் தொழில் செய்வோரின் ஆயிரம் குடும்பங்களையும் கப்பலேற்றுகிறான். அவர்கள் மாதோட்டத்தில் இறங்குகிறார்கள். அந்தப் பாண்டிய மகளின் பெயரை மகாவம்சம் சொல்லவில்லை. அவளும் இந்தக் கதையில் வந்து போகும் ஒரு கையொப்பம்தான்.

ஒற்றாடல் அதிகாரத்தை வள்ளுவர் முடிக்கும் இடம் இங்கே நினைவுக்கு வருகிறது. ஒற்றனுக்குச் செய்யும் சிறப்பைப் பிறர் அறியச் செய்தால் மறைத்து வைத்ததை நாமே வெளிப்படுத்தியதாகிவிடும் என்பது அவர் கருத்து. குவேனியைச் சிம்மாசனத்தில் உட்கார வைத்தால் என்ன ஆகும்? அவள் யார், எங்கிருந்து வந்தாள் என்று எல்லாரும் கேட்பார்கள். அந்தக் கேள்வியின் வால் பிடித்துப் போனால் சிறீசவத்துக் கல்யாண வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டும். நாட்டுத் தலைவியின் இரகசியம் என்று கதைகளில் நாம் பரபரப்போடு படிப்பது பெரும்பாலும் அவளுடைய இரகசியம் அல்ல. அரசு எப்படிக் கைக்கு வந்தது என்ற ஆட்சியாளனின் இரகசியம் அது. அவள் அதற்குச் சாட்சி, அவ்வளவுதான். சாட்சி அரண்மனையில் இருக்கக் கூடாது.

ஆகவே விஜயன் அவளைப் போகச் சொல்கிறான். அமானுடர்களைக் கண்டால் மக்களுக்குப் பயம் என்று காரணம் காட்டுகிறான். நமக்குப் பிறந்த பிள்ளைகளை விட்டுவிட்டுப் போ, ஆயிரம் செலவில் உனக்குப் படையல் நடத்தி வைக்கிறேன் என்று ஈடும் பேசுகிறான். அவள் மன்றாடுகிறாள். பலிக்கவில்லை. மகனையும் மகளையும் தன்னோடு கூட்டிக்கொண்டு, தீங்கு வரும் என்று தெரிந்தே, இயக்கர் நகரான இலங்காபுரத்துக்கு நடக்கிறாள். வேறு போக்கிடம் அவளுக்கு இல்லை.

பிள்ளைகளை நகருக்கு வெளியே உட்கார வைத்துவிட்டு உள்ளே போகிறாள். அவளைக் கண்டதும் இயக்கர்கள் நடுங்கிப்போகிறார்கள். மறுபடி வேவு பார்க்க வந்திருக்கிறாள் என்று கூச்சல் எழுகிறது. முரடன் ஒருவன் ஓங்கிக் குத்திய ஒரே குத்தில் அவள் இறந்துபோகிறாள்.

அவள் உளவு சொன்ன இரவில் அவளை யாரும் உளவாளி என்று அழைக்கவில்லை. அவள் உளவாளியாக இல்லாத நாளில், கணவனும் கைவிட்டு, அடைக்கலம் தேடி வந்த நாளில், அந்தக் குற்றத்தின் பேரால் கொல்லப்பட்டாள். இதைத்தான் நான் இந்தக் கரையில் நின்று சொல்ல வேண்டும் என்று நினைத்தேன்.

நம் இலக்கியத்தில் இதற்கு நேர்மாறான ஒரு நிகழ்ச்சி இருக்கிறது. சோழர் குடிக்குள் நலங்கிள்ளிக்கும் நெடுங்கிள்ளிக்கும் பகை நடந்த காலம். நலங்கிள்ளியிடமிருந்து உறையூருக்குப் போன இளந்தத்தன் என்ற புலவனை, ஒற்றாக வந்தவன் என்று எண்ணி நெடுங்கிள்ளி கொல்லப் பார்த்தான். அப்போது கோவூர்கிழார் குறுக்கே வந்து, பாடிப் பிழைக்கும் புலவர் வாழ்க்கை இன்னது, அதில் பிறருக்குத் தீங்கு எண்ண இடமே இல்லை என்று பாடினார். புலவன் உயிர் பிழைத்தான். புறநானூற்றின் 47ஆம் பாட்டு அது. ஒரே ஓர் ஆள் குறுக்கே வந்து பேசினால் போதுமாயிருந்தது. இளந்தத்தன் குற்றமற்றவன், குவேனியின் கையில் பழைய இரத்தம் இருந்தது என்று நீங்கள் சொல்லலாம். சரி. ஆனால் இலங்காபுரத்தில் அவளைக் கொன்றது பழைய குற்றத்துக்கான தண்டனையாக அல்ல. விசாரித்திருந்தால் உண்மை தெரிந்திருக்கும். வாசலில் இரண்டு பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். பெற்ற பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு எவள் வேவு பார்க்க வருவாள்?

பிறந்த வீடும் புகுந்த வீடும் எதிரெதிர் அணியில் நிற்கும்போது பெண்ணின் மேல் விழும் சந்தேகம் நம் கதையோடு முடியவில்லை. அமெரிக்க உள்நாட்டுப் போர்க்காலத்து ஜனாதிபதி ஆபிரகாம் லிங்கனின் மனைவி மேரி, அடிமை முறை நிலவிய கென்டக்கியில் பிறந்தவர். அவருடைய மாற்றாந்தாய் வயிற்றுச் சகோதரர்கள் தென்னவர் படையில் போரிட்டார்கள். தங்கையின் கணவர் பென் ஹார்டின் ஹெல்ம் தென்னவர் படைத்தளபதியாக 1863இல் சிக்கமோகாப் போரில் இறந்தார். விதவையான தங்கையை மேரி வெள்ளை மாளிகைக்கு அழைத்து வைத்துக்கொண்டபோது ஊர் வாய் சும்மா இருக்கவில்லை. ஜனாதிபதியின் மனைவியே எதிரிக்கு வேவு சொல்கிறாள் என்ற பேச்சு போர்க்காலம் முழுதும் அவரை விடவில்லை. வடக்கில் உளவாளி, தெற்கில் துரோகி என்று இரு பக்கமும் அவருக்குப் பட்டம் சூட்டினார்கள். செத்துப்போன உறவுகளுக்காக அழுவதற்குக்கூட அந்த அம்மாவுக்கு இடம் இல்லாமல் போனது.

இனி குவேனியின் கோப்பு எப்போது திறக்கப்பட்டது என்று பார்ப்போம். மகாவம்சத்துக்கு முந்திய தீபவம்சமும் விஜயன் கதையைச் சொல்கிறது. அதில் குவேனி இல்லை. அவள் பெயரே வருவதில்லை. ஒரு நூற்றாண்டுக்கு மேல் கழித்து மகாநாமர் எழுதும்போதுதான் அவள் கல்யாண வீட்டோடும் குத்தோடும் உள்ளே வருகிறாள். இடைக்காலத்தில் வாய்வழக்காக உலவியதை அவர் சேர்த்திருக்கலாம். இலங்கைத் தீவின் சிறீசவத்தில் இயக்கிகள் கப்பலுடைந்த வணிகரை விழுங்கும் கதை ஜாதகக் கதைகளிலும் இருக்கிறது. ஏன் சேர்த்தார் என்பதற்கு என் கருத்து இது: அவருக்கு இரண்டு காரியங்கள் ஆக வேண்டியிருந்தன. இந்தத் தீவில் முன்பே குடியிருந்தவர்கள் மனிதர் அல்லர் என்று காட்ட வேண்டும். அவர்களுடைய இரத்தம் அரச மரபில் கலக்கவில்லை என்றும் காட்ட வேண்டும். இரண்டையும் குவேனியின் மரணம் முடித்துக்கொடுக்கிறது. பிள்ளைகள் மலையகத்துக்குத் தப்பி ஓடிப் புலிந்தர்கள் ஆனார்கள் என்று அவர்களையும் காட்டுக்குள் அனுப்பியாயிற்று. வேடர்கள் குவேனி வழி வந்தவர்கள் என்ற நம்பிக்கைக்கு இதுதான் அடி. இத்தனை செய்தும் விஜயனுக்கு வாரிசு இல்லாமல் போனது. 38 ஆண்டு ஆண்ட அவன் தம்பிக்கு ஓலை எழுதினான்; தம்பி மகன் பண்டுவாசுதேவன் வந்து அரியணை ஏறினான்.

மனிதர் இல்லாத தீவு என்று துறவி சொன்னாரே, அதற்கு நம் மாவட்டமே மறுப்பு வைத்திருக்கிறது. குதிரைமலைக்குத் தெற்கே பொம்பரிப்பில் ஈமத்தாழிகள் கிடைத்தன. பெரிய தாழிகளில் எலும்புகளையும் சிறு மட்பாண்டங்களையும் வைத்துப் புதைத்த மக்கள் அவர்கள். தாமிரபரணிக் கரையின் ஆதிச்சநல்லூர்த் தாழிகளோடு அவற்றை ஆய்வாளர்கள் ஒப்பிட்டிருக்கிறார்கள். தம் இறந்தோரை அவ்வளவு பக்குவமாக அடக்கம் செய்தவர்கள் பேய்களாக இருந்திருக்க முடியாது. மாணவர்களை வில்பத்துக்குச் சிறுத்தை பார்க்கக் கூட்டிப் போகும் ஆசிரியர்கள் பொம்பரிப்பைப் பற்றியும் வழியில் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

சிங்கள மக்கள் எல்லாரும் குவேனியைத் துரோகி என்று ஒதுக்கினார்கள் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். கண்டிப் பகுதியின் கொஹொம்பா கங்காரியச் சடங்கின் அடிக்கதையே அவளுடைய சாபம்தான். விஜயன் அவளுக்குக் கொடுத்த சத்தியத்தை மீறினான். அந்தத் தோஷம் சிறுத்தை வடிவில் பண்டுவாசுதேவனைப் பிடித்து நோயில் தள்ளியது. அதைத் தீர்க்கவே முதல் சடங்கு நடந்தது என்று அந்த மரபு சொல்கிறது. இரவு முழுக்க ஆடிப் பாடி நடத்தும் சடங்கு அது. குற்றம் அவளுடையதல்ல, வாக்கு மீறிய அரசனுடையது என்று ஊர் மக்கள் தலைமுறை தலைமுறையாக ஒப்புக்கொண்டு வந்திருக்கிறார்கள். அரண்மனைச் சார்பில் எழுதிய நூலைவிட அவர்களுடைய நினைவு நேர்மையானது. 1963இல் ஹென்றி ஜயசேன 'குவேனி' நாடகத்தை மேடையேற்றி, அவள் தன் நியாயத்தைத் தானே பேச வழி செய்தார். தமிழில் அப்படியொரு வலுவான குரலை அவளுக்கு நாம் இன்னும் கொடுக்கவில்லை என்பது எனக்குக் குறையாகவே படுகிறது. அவள் இடத்துக்கு வந்த அரசி மதுரையிலிருந்து வந்தவள் என்பதால் நமக்கும் இந்தக் கதையில் பங்கு உண்டு.

இப்போது சொல்லப்போவது சிலருக்கு வலிக்கும். இருந்தாலும் புத்தளத்தில் பேசிவிட்டு இதைச் சொல்லாமல் போக என்னால் முடியாது. 1990 ஒக்டோபரில் வட மாகாணத்து முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாண நகரத்தாருக்கு ஒக்டோபர் 30ஆம் நாள் கிடைத்த அவகாசம் இரண்டு மணி நேரம். 70,000க்கும் மேற்பட்ட மக்கள் வீடு வாசல், நகை, காணி உறுதி எல்லாவற்றையும் விட்டு வந்தார்கள். மன்னார்த் தீவிலிருந்து வள்ளங்களில் ஏறிக் கற்பிட்டிக் கரையில் இறங்கியவர்களை இங்கே இருக்கும் பெரியவர்கள் நேரில் கண்டிருப்பீர்கள். பலர் அப்படி இறங்கியவர்களாகவே இருப்பீர்கள். அவர்கள் மேலும் சுமத்தப்பட்டது இதே சந்தேகம்தான்: காட்டிக் கொடுப்பவர்கள். பால்குடிப் பிள்ளை முதல் படுக்கையில் கிடந்த மூதாட்டி வரை ஒரு சமூகமே ஒற்றர் என்றானது. இலங்காபுரத்தில் ஒருத்தியிடம் கேட்காத கேள்வியை, வடக்கில் இத்தனை ஆயிரம் பேரிடமும் யாரும் கேட்கவில்லை. அன்று தமிழர் பக்கத்திலிருந்து ஒரு கோவூர்கிழார் உரத்துப் பேசியிருக்க வேண்டும். அயலவர் சிலர் கண்ணீரோடு வழியனுப்பினார்கள். தெருவில் நின்று தடுக்கத்தான் ஆள் இல்லை. தமிழனாக எனக்கு அது ஆறாத துயரம்.

இந்த அவையில் எழுதும் ஆர்வமுள்ள இளைஞர்கள் இருக்கிறார்கள். குவேனியின் கதையை ஓர் உளவு நாவலாக எழுத யாராவது முன்வந்தால், விஜயனின் கப்பலில் தொடங்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்வேன். மகாவம்சத்தில் இரண்டு மூன்று வரிகளில் வந்து போகும் ஓர் ஆள் இருக்கிறான். குவேனியின் தாய்மாமன். அவள் செத்தபின் நகரை விட்டு வெளியே வருகிறான், பிள்ளைகளைப் பார்க்கிறான், யார் பிள்ளைகள் என்று கேட்கிறான். குவேனியின் பிள்ளைகள் என்றதும், உங்கள் தாயைக் கொன்றுவிட்டார்கள், கண்டால் உங்களையும் கொல்வார்கள், ஓடிவிடுங்கள் என்கிறான். அவர்கள் ஓடி சுமணகூடத்துக்கு, அதாவது சிவனொளிபாத மலைப் பக்கம் போய்ப் பிழைத்தார்கள். தாய்மாமன் உறவுக்கு நம் வீடுகளில் என்ன இடம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மருமகளைச் சுற்றிக் கூச்சல் எழுந்தபோது அவன் அந்தக் கூட்டத்தில் எங்கே நின்றான்? வாய் திறந்தானா? திறக்க நினைத்துப் பயந்தானா? சிறீசவத்துக் கல்யாண வீட்டில் அவனுடைய சொந்தப் பிள்ளைகள் யாராவது செத்திருந்தார்களா? அப்படியிருந்தும் இந்த இரண்டு குழந்தைகளைக் காப்பாற்ற அவனுக்கு எப்படி மனம் வந்தது? மகாவம்சம் இவற்றுக்குப் பதில் சொல்லவில்லை. நீங்கள் எழுதுங்கள். எழுதி முடித்ததும் சிங்களத்திலும் கொண்டுவாருங்கள். ஒரே வீதியில் இரண்டு மொழியும் புழங்கும் இந்த மாவட்டத்தில் அதற்கு ஆள் தேடி அலைய வேண்டியிராது.